மூத்தோர் ஐக்கியம் தொடங்கினோம், மூன்றாம் மாதமே ஆள் இல்லை. எங்கே பிழை விட்டோம்?

வெள்ளவத்தை மழை | சனி, இரவு 9.10

சபை வேலையில் இருக்கிறவர்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எங்களுடையது வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தமிழ்ச் சபை, பெயர் வேண்டாமே.

தை மாதம் போதகர் கூப்பிட்டு, “பிள்ளை, மூத்தோருக்கு ஒழுங்காக ஏதாவது செய்ய வேண்டும், நீங்கள் பொறுப்பெடுங்கோ” என்றார். அங்கத்தவர் இடாப்பை எடுத்து 60 தாண்டியவர்களை எண்ணினேன். 58 பேர். ஞாயிறு பாடசாலையில் 14 பிள்ளைகள்தான் என்பதை நினைத்துக்கொண்டேன்.

மாசியில் முதல் கூட்டம். மேல் மண்டபத்தில் பலூன் கட்டினோம். ஒரு டாக்டர் வந்து சீனி வருத்தம் பற்றிப் பேசினார், இளைஞர் ஐக்கியம் விளையாட்டு நடத்தியது, பகல் புரியாணி. 31 பேர் வந்தார்கள். பங்குனியில் 17. சித்திரையில் 9, அதில் நான்கு பேர் எங்கள் கமிட்டி. கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டு “அடுத்த முறை பார்ப்பம் பிள்ளை” என்கிறார்கள். கோபித்தால்கூடப் பரவாயில்லை, காரணமாவது தெரியும்.

வேறு சபைகளில் இது எப்படி நடக்கிறது?

கொட்டாஞ்சேனையான் | சனி, இரவு 9.48

மேல் மண்டபம் என்றீர்கள். எத்தனை படி?

வெள்ளவத்தை மழை | சனி, இரவு 9.55

எண்ணினதில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தை மழை | ஞாயிறு, பகல் 12.20

22 படி. கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் சுவர்ப் பக்கம் இல்லை. டாய்லெட் கீழே.

கொட்டாஞ்சேனையான் | ஞாயிறு, பகல் 1.05

பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது அக்கா. முழங்கால் நோவுள்ள ஒருவர் 22 படி ஏறி, ஒரு பிளேன்டீ குடித்து, டாய்லெட்டுக்கு 22 இறங்கித் திரும்ப ஏறுவாரா? அவர் அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார். “வயிற்றுக்குச் சரியில்லை” என்பார்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்களிடம் மூத்தோர் ஐக்கியம் என்று தனியாக இல்லை. மாதத்தின் முதல் வெள்ளியில் வீட்டில் கிடப்பவர்களுக்கு நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) கொண்டுபோவார்கள், அது பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. ஃபாதர் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, நற்கருணைப் பணியாளர்கள் பிரித்துக்கொண்டு போவார்கள். என் அம்மா அப்படிப் போகிறவர், சில நாள் நானும் துணைக்குப் போவேன்.

புளூமெண்டால் றோட்டுக்கு உள்ளே ஒரு ஒற்றை அறை வீடு. அங்கே இருக்கிற ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. நாங்கள் பத்து மணிக்குத்தான் வருவோம் என்று அவவுக்குத் தெரியும். ஆனால் காலை ஆறு மணிக்கே குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, ஸ்டூலில் துணி விரித்து மெழுகுதிரி வைத்து, கதவைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பா. அந்தத் துணியை முதல்நாள் இரவே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அயன் பண்ணி வாங்கி வைப்பாவாம். நாங்கள் நிற்பது பத்து நிமிடம். ஒருமுறை மழையால் போக முடியவில்லை, சனிக்கிழமை போனோம். அப்போதும் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. முதல்நாள் முழுக்க ஸ்டூலில் யாரையும் சாமான் வைக்க விடவில்லையாம்.

போப் பிரான்சிஸ் 2021-ல் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் என்று ஒரு நாள் வைத்தார், ஜூலை நாலாம் ஞாயிறு. நல்லதுதான். எங்கள் பங்கிலும் பூ கொடுத்துப் படம் எடுப்பார்கள். ஆனால் அந்த ஆச்சிக்கு வருசத்தில் 12 வெள்ளிக்கிழமை இருக்கிறது.

பழைய பொருளாளர் | ஞாயிறு, மாலை 4.31

எனக்கு 76 வயது. உங்கள் சபை அல்ல, ஆனால் எங்கள் சபையிலும் அச்சொட்டாக இதே கூட்டம் நடந்தது. வராமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் காரணம் சொல்கிறேன்.

ஒன்று, கதிரை. கை இல்லாத பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தால் நான் எழும்ப யாராவது தூக்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப்படுவது எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது, டாக்டர் முக்கால் மணி நேரம் சீனி கூடாது என்றார். முடிந்த கையோடு புரியாணி, வட்டிலப்பம். சிரிப்பதா அழுவதா?

பிறகு விளையாட்டு. பாட்டு நிற்கும்போது கதிரையில் பாய்ந்து உட்கார வேண்டும். 70 வயதில்! தலையில் கடதாசித் தொப்பி வேறு. நாங்கள் வயதுபோனவர்கள், பாலர் வகுப்புப் பிள்ளைகள் அல்ல.

உண்மைக் காரணத்தைக் கடைசியில் வைத்தேன். 28 வருசம் சபைக் கணக்கை நான் பார்த்தேன். ஒரு சதம் பிசகியதில்லை. புதிய கமிட்டி வந்து கணக்கைக் கம்பியூட்டருக்கு மாற்றியது, அது சரி, மாற்றத்தான் வேண்டும். என்னிடம், “அங்கிள், நீங்கள் இனி ரெஸ்ட் எடுங்கோ” என்றார்கள். ரெஸ்ட் எடுப்பதற்கு எனக்கு ஒரு நாளில் 24 மணித்தியாலம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒருவரும் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிடவில்லை, சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள்.

பைபிளில் லூக்கா எழுதிய அன்னாள் என்ற விதவைக்கு 84 வயது. அவளுக்கு ஆலயத்தில் யாரும் பலூன் கட்டியதாக நான் வாசிக்கவில்லை. அவளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, இரவும் பகலும் உபவாசமும் ஜெபமும்.

கீபோர்ட்காரன் | ஞாயிறு, மாலை 5.02

அங்கிள், ஒரு இளைஞர் ஐக்கியத்தின் பக்கமிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் மனமறிந்து யாரையும் கேலி செய்வதில்லை. போன வருசம் அதே விளையாட்டில் எங்கள் அம்மம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதைச் செய்தாலும் பிழை என்றால் நாங்கள் என்ன செய்வது? பாட்டும் அப்படித்தான். கீர்த்தனை ஒன்று, புதுப்பாட்டு இரண்டு என்று போடுகிறோம், பெரியவர்கள் வாயே திறப்பதில்லை.

பழைய பொருளாளர் | ஞாயிறு, மாலை 5.40

தம்பி, வாய் திறக்காததற்குக் காரணம் கொள்கை அல்ல. திரையில் சூரிய அஸ்தமனப் படம் போட்டு, அதற்கு மேல் மஞ்சள் எழுத்தில் பாட்டைப் போடுகிறீர்கள். எனக்குக் கடல் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. கறுப்பில் பெரிய வெள்ளை எழுத்துப் போடுங்கள், உங்கள் புதுப்பாட்டையும் பாடிக் காட்டுகிறேன்.

அம்மம்மாக்கள் சிரித்தார்கள் என்றால் சந்தோசம். அவர்களுக்குத் தொடர்ந்து செய்யுங்கள். 62 வயதுக்காரியையும் 88 வயதுக்காரரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

கீபோர்ட்காரன் | ஞாயிறு, மாலை 5.44

கறுப்புப் பின்னணி. சரி. அடுத்த ஞாயிறே.

டியூட்டி நேர்ஸ் | ஞாயிறு, இரவு 10.15

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். 62-ம் 88-ம் வேறு என்று ஐயா சொன்னது முழு உண்மை. என் அனுபவத்தில் 60 முதல் 75 வரை உள்ளவர்களில் நிறையப் பேர் உதவி செய்யக்கூடியவர்கள். அவர்களை “முதியோர்” என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். என் மாமிக்கு 64, அந்தச் சொல்லைக் கேட்டதும் “அது எங்கட அம்மாவின்ர கூட்டம்” என்று ஒதுங்கிவிட்டா. உதவி தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு மேல், அவர்கள் கூட்டத்துக்கே வரமுடியாதவர்கள். நீங்கள் நடத்தும் கூட்டம் இரண்டு பேருக்கும் பொருந்தாமல் நடுவில் நிற்கிறது.

கொழும்பில் நம் ஆட்களுக்கு உண்மையாகத் தேவைப்படுவது ஒன்றைச் சொல்கிறேன். கிளினிக் போகத் துணை. 90-களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போய், இப்போது பிளாட்டில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர்! முப்பது வருசம் இங்கே இருந்தும் கடைச் சிங்களம்தான் தெரியும். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், கூப்பிடுவது சிங்களத்தில், மருந்துக் கவரில் எழுதுவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு ஆன்ரி, கவுன்டரில் சொன்ன “கேமட இஸ்ஸெல்ல”வையும் “கேமட பஸ்ஸே”யையும் மாற்றி விளங்கிக்கொண்டா. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைப் பின்னும், பின் போட வேண்டியதை முன்னும் மூன்று மாதம் போட்டிருக்கிறா. மூன்று மாதமும் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்கு வந்தவதான். யாரும் மருந்துப் பையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றியிருக்கவும் நியாயமில்லை.

உங்கள் இளைஞர் ஐக்கியத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். மாதம் ஒரு கிளினிக் நாள் ஒரு பிள்ளை ஒருவரோடு போனால் போதும். காலை வகுப்பு என்பார்கள், லீவு நாளில் தொடங்கட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். மைக் இருந்தும் “எனக்கு மைக் தேவையில்லை, என் குரல் கேட்கும்தானே” என்று பேசுகிறவர்களை நிறுத்துங்கள். காது மந்தமானவருக்குச் சத்தம் கூடினால் போதாது, பேசுகிறவரின் வாய் தெரிய வேண்டும், மேலே சுற்றும் ஃபானின் இரைச்சல் குறைய வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால் காருக்கு ஓடாதீர்கள். 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தை ஒவ்வொரு மூத்தவர் வீட்டுப் பிரிட்ஜிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், உள்ளூர்ப் பிள்ளை ஒருவரின் இலக்கத்தோடு.

மறதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், காணிக்கையை இரண்டு தரம் போடுகிறார் என்று சபையில் சிரிப்பார்கள். சிரித்தால் அந்தக் குடும்பம் அவரை வீட்டில் பூட்டி வைத்துவிடும். மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. பராமரிக்கிறவர்களை அங்கே ஒருதரம் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்குத்தான் முதலில் மூச்சுவிட இடம் வேண்டும்.

ரொறன்ரோ மகள் | திங்கள், காலை 6.50

நான் இங்கே எழுதுவதே இல்லை, வாசிப்பதோடு சரி.

அம்மாவுக்கு 81. பம்பலப்பிட்டியில் ஐந்தாம் மாடி. நாங்கள் மூன்று பேர், மூன்று நாட்டில். வீட்டில் கமரா பூட்டியிருக்கிறோம், ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் கதைப்பேன். ஞாயிற்றுக்கிழமையில் “சேர்ச்சுக்குப் போனீங்களா அம்மா” என்று கேட்பேன். “ஓம் பிள்ளை, நல்ல பிரசங்கம்” என்பா.

போன வருசம் நான் வந்து நின்றபோது கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற ஒருவர், “அட, கனநாள்!” என்றார். விசாரித்தால் ஏழு கிழமை போகவில்லை. லிப்ட் அடிக்கடி பழுதாம். பின்னேரம் ஐந்தரை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இருட்டு, றோட்டைக் கடக்கப் பயம். நான் கவலைப்படுவேன் என்று பொய் சொல்லியிருக்கிறா. பிரசங்கத்தை யூடியூபில் பார்த்துவிட்டு அதிலிருந்து ஒரு வசனத்தையும் எனக்குச் சொல்லுவா.

அம்மா சொன்ன பொய்யை விட்டுவிடலாம். 35 வருசம் ஒரே வாங்கில் இருந்தவ ஏழு கிழமை இல்லை, ஒருவருக்கும் தெரியவில்லை.

பணம் வேண்டுமென்றால் என்னைப் போல அனுப்பத் தயாராக நூறு பேர் இருக்கிறோம். ஏசி மண்டபம் கட்டித்தரச் சொன்னாலும் தருவோம். ஆனால் அந்த வாங்கைத் திரும்பிப் பார்க்கிற ஆளை எங்களால் அனுப்ப முடியாது.

சத்தியம் கசக்கும் | திங்கள், காலை 8.15

பைபிளில் 1 தீமோத்தேயு 5 தெளிவாக இருக்கிறது. பெற்றோரைப் பார்ப்பது முதலில் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கடமை. வெளிநாட்டில் சுகமாக இருந்துகொண்டு சபை பார்க்கவில்லை என்று குறைசொல்வது என்ன நியாயம்?

பழைய பொருளாளர் | திங்கள், காலை 8.40

அதே அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள் தம்பி. 60 வயதுக்குக் குறையாத விதவைகளின் இடாப்பு ஒன்று சபையிடம் இருந்தது என்பதும் அதில்தான் இருக்கிறது. தனிமையாய் விடப்பட்டவளைப் பற்றியும் இருக்கிறது. 83 கலவரத்தில் வீடு எரிந்து, பிள்ளைகளை நாமே கையைப் பிடித்து விமானம் ஏற்றினோம். இப்போது ஏன் போனாய் என்று அவர்களைக் கேட்க எனக்கு முகமில்லை.

பிள்ளை, ஏழு கிழமை என்று வாசித்ததும் எழும்பிப் போய் எங்கள் சபை வாங்குகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு இடம் வெறுமையாக இருக்கிறது. ஒருவருக்கு இப்போது போன் எடுத்தேன். சளியாம். மற்றவரின் இலக்கம் என்னிடம் இல்லை.

ஆறாம் மாடி | திங்கள், பகல் 1.30

மெதடிஸ்தர் யாராவது இருந்தால் இது தெரிந்திருக்கும். இங்கிலாந்தில், பிரிஸ்டலில் 1739-ல் கட்டிய கூட்ட மண்டபத்தில் கடன் இருந்தது. அதை அடைக்க வழி பேசும்போது 1742-ல் ஒரு கப்டன் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வீடு வீடாகப் போய் வாங்குவார், கொடுக்க வழியில்லாதவரின் பென்னியைத் தானே போடுவார். போனவர்கள் காசோடு சேர்த்துச் செய்தியும் கொண்டுவந்தார்கள். யாருக்கு வருத்தம், எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைக் கேட்டு, நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். வகுப்புத் தலைவர் முறை வந்தது அப்படித்தான். கடன் வசூலில் பிறந்த மேய்ப்புப் பணி!

மெதடிஸ்த மிஷனரிமார் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள், புறக்கோட்டையில் 1816-லேயே ஆலயம் எழும்பியது. அந்த வகுப்பு முறையும் கூடவே வந்தது. இப்போது பல இடங்களில் இடாப்பில் பெயர் இருக்கிறது, போகிற கால் இல்லை.

எங்கள் சபையில் அது தற்செயலாகத் திரும்பி வந்தது. 2020 பங்குனி ஊரடங்கில் ஆலயம் பூட்டியிருந்தபோது நாலைந்து பேர் சும்மா போன் எடுக்கத் தொடங்கினோம். 2022-ல் எரிபொருள் இல்லை, பங்குனிக் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. நான் ஆறாம் மாடி, கீழே இறங்கினால் ஏற லிப்ட் இல்லை. அப்போது தெரிந்தது, எங்கள் கட்டிடத்தில் மட்டும் சபைக்காரர் மூன்று பேர் தனியாக இருக்கிறோம் என்று. ஒரு பையன் சைக்கிளில் பாணும் மெழுகுதிரியும் கொண்டுவந்து தந்தான். நெருக்கடி முடிந்ததும் சைக்கிள் நின்றது, போன் மட்டும் நிற்கவில்லை. ஒருவருக்கு ஏழு எட்டு இலக்கம், செவ்வாயும் வெள்ளியும். எடுக்கிறவர்களும் எழுபது தாண்டியவர்கள்தான்.

கீபோர்ட்காரன் | திங்கள், பகல் 1.52

அப்படியானால் ஒரு ஆப் செய்து தரட்டுமா? யாருக்கு யார் போன் எடுத்தார் என்று பதியலாம்.

ஆறாம் மாடி | திங்கள், பகல் 2.10

சிஆர் கொப்பி ஒன்று காணும் தம்பி. 120 பக்கம்.

சத்தியம் கசக்கும் | திங்கள், மாலை 6.20

பள்ளிக்கூட வரவு இடாப்பு மாதிரி ஆகிவிடும். “ஏன் வரவில்லை” என்று விசாரணை செய்தால் யாருக்குப் பிடிக்கும்?

ஆறாம் மாடி | திங்கள், மாலை 6.45

இந்த முறை நீங்கள் சொல்வது சரி. எங்களுக்கும் அது நடந்தது. ஒரு அக்கா போன் எடுத்ததும் “ஞாயிறு உங்களைக் காணவில்லையே” என்று தொடங்குவா, மற்றப் பக்கம் உடனே நியாயம் சொல்லத் தொடங்கும். இப்போது ஆராதனைப் பேச்சையே எடுப்பதில்லை. “இன்றைக்கு என்ன சமைத்தீங்க” என்று கேட்பதுதான் வழக்கம். “பாண்தான்” என்று மூன்று நாள் பதில் வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

டியூட்டி நேர்ஸ் | திங்கள், இரவு 9.30

“என்ன சமைத்தீங்க” நல்ல கேள்வி. வார்ட்டிலும் அதைத்தான் கேட்போம்.

வீட்டுக்குப் போகத் தொடங்கினால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். காசு, பாங்க் புத்தகம், ஏடிஎம் கார்ட், உறுதிப்பத்திரம் எதையும் கையில் வாங்காதீர்கள். “நீங்கதான் பிள்ளை மாதிரி, இந்தக் கார்டில் எடுத்துத் தாங்கோ” என்று அன்பாகத்தான் தருவார்கள். நல்ல மனதோடு வாங்கி, பிறகு பிள்ளைகளோடு பிரச்சினைப்பட்டு, சபையையே விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தை மழை | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.05

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மாதக் கூட்டத்தை நிறுத்திவிட்டோம். போதகருக்கு முதலில் பிடிக்கவில்லை, வருடாந்த அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டார். 58 பெயரையும் ஏழு பேருக்குப் பிரித்தோம், அந்த ஏழு பேரில் ஆறு பேர் அதே 58-க்குள் இருக்கிறவர்கள். கொப்பியை வைத்திருப்பது ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவர் கையெழுத்தைப் பார்த்தாலே மரியாதை வரும். முதல் கிழமையே சிவப்பு மையில் “இலக்கம் பிழை – 11” என்று எழுதித் தந்தார். எங்கள் இடாப்பில் அஞ்சில் ஒரு பங்கு போன் இலக்கம் செத்துப்போயிருக்கிறது, நாங்கள் அந்த இடாப்பை வைத்துத்தான் புரியாணிக்கு ஆள் எண்ணினோம்.

ஒரு அம்மா போனை எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் எடுக்கவில்லை. இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, போன் பழுது. ஆனால் வந்தவர்களை உள்ளே இருத்தி, தேத்தண்ணி ஊற்றி, பழைய கொயர் படங்களை எடுத்துக் காட்டி, இரண்டு மணி நேரம் விடவில்லையாம். போன் திருத்திய பிறகும், “எதற்கும் வந்து பாருங்கோ” என்கிறா.

தமிழ் ஆராதனையை ஐந்தரையிலிருந்து நாலு மணிக்கு மாற்றக் கேட்டோம். கமிட்டியில் பெரிய சண்டை, டியூஷன் நேரம் என்று பெற்றோர் எதிர்த்தார்கள். முடிவு: மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் நாலு மணி. அன்றைக்குத் திருவிருந்து. போன முதல் ஞாயிறு வாசலில் திரீவீல் நிற்க இடம் போதவில்லை.

கிளினிக் துணை இன்னும் சரிவரவில்லை. மூன்று பிள்ளைகள் பெயர் தந்தார்கள், ஒரு பிள்ளைதான் போனது. அது போய் வந்து, “அன்ரி, அங்கே தனியாக வந்த இன்னும் நாலு தமிழ் ஆட்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்” என்றது. அவர்கள் எந்தச் சபை என்று கேட்டேன். இருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவரைக் கேட்கவில்லையாம்.

கைபிடி போட்டாயிற்று, இரண்டு பக்கமும். இப்போது கை வைத்த கதிரை தேட வேண்டும். கீழ் அறைக்கு 20 போதும். பிளாஸ்டிக்கில் கை வைத்தது இருக்கிறது, ஆனால் எழும்பும்போது பின்னால் வழுக்குகிறது.

பழைய பொருளாளர் | ஞாயிறு, இரவு 8.32

பிளாஸ்டிக் வேண்டாம். மொறட்டுவையில் மரத்தில் சொல்லிச் செய்யுங்கள், இருக்கும் பலகை 18 அங்குல உயரம், கை முன்பக்கம்வரை வர வேண்டும். 20 என்றால் விலை பேசலாம். எழுதிக் கேட்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். வேண்டுமானால் நான் வருகிறேன், செவ்வாய் காலை எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

வெள்ளவத்தை மழை | ஞாயிறு, இரவு 8.36

செவ்வாய் எத்தனை மணிக்கு ஐயா? வான் ஒழுங்கு செய்கிறேன்.

பழைய பொருளாளர் | ஞாயிறு, இரவு 8.41

எட்டரைக்கு. வான் உயரமாக இருந்தால் ஏற ஒரு பலகைப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.